புளோக்கைச் சுற்றி 400 மீட்டர்: பெரியவர்களின் நினைவாற்றலுக்காக அக்கம்பக்கத்தைச் சோதிப்பது எப்படி

முதுமை மறதிநோய் என்ற பேச்சு எடுத்தாலே வீட்டில் வல்லாரைக் கீரையும் குறுக்கெழுத்துப் புதிரும் வந்துவிடும். நடைபாதையின் மேடுபள்ளம், சாலை இரைச்சல், உட்கார ஒரு பெஞ்சு இல்லாத தூரம், மூடிய அறையில் சாம்பிராணிப் புகை எதுவும் கணக்கில் வராது. மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கவனித்தால் உலகில் ஏறக்குறைய 45 விழுக்காட்டு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று 'லான்செட்' ஆணையம் 2024ல் சொன்னது. அந்தப் பட்டியலில் காற்று மாசு நேரடியாகவே இருக்கிறது. உடல் அசைவின்மை, தனிமை, மனச்சோர்வு, காது மந்தம், பார்வைக் குறை என்று அதில் வரும் இன்னும் ஐந்தின் தாக்கமும் பெரியவர் வீட்டைவிட்டு இறங்குகிறாரா இல்லையா என்பதோடு பின்னிக் கிடக்கிறது.

சிங்கப்பூரில் மனநலக் கழகத்தின் ஆய்வுப்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் மறதிநோய் உள்ளோர் 2013ல் பத்து விழுக்காடு, 2023ல் 8.8 விழுக்காடு. விகிதம் கொஞ்சம் இறங்கியது நல்ல செய்திதான். ஆனால் முதியோர் தொகை ஏறிக்கொண்டே போவதால் பாதிக்கப்படும் குடும்பங்கள் குறையப்போவதில்லை.

அக்கம்பக்கம் மூளையைத் தொடுவது இரண்டு வழிகளில். காற்று, வெப்பம், இரைச்சல் ஆகியவை நாம் கேட்காமலே உள்ளே வருகின்றன, இது ஒன்று. வெளியே போய் நாலு பேரைப் பார்த்து, வழி கண்டுபிடித்து, சில்லறை எண்ணிக் கொடுத்துத் திரும்பும் பழக்கத்தை அந்த இடம் வளர்க்கிறதா முடக்குகிறதா என்பது மற்றொன்று. எங்கள் கணிப்பில் இரண்டாவதே பெரிது. முதியவருக்கு நேரும் பெரிய கெடுதல் பெரும்பாலும் பாசத்தில்தான் தொடங்குகிறது: "வெளிய போகாதீங்கப்பா, விழுந்துடுவீங்க." கீழே வரும் வேலைகள் அந்த வாக்கியத்துக்கு அவசியமில்லாமல் செய்வதற்காக.

முதலில் கூடவே நடந்து பாருங்கள்

ஒரு காகிதம், பேனா, மூன்று மீட்டர் அளவுநாடா, கைப்பேசி போதும். பெரியவர் வழக்கமாகப் போகும் மூன்று இடங்களை அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் சந்தை அல்லது காப்பிக்கடை, கோயிலுக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ போகும் பேருந்து நிறுத்தம், நண்பர் உட்காரும் கீழ்த்தள மேசை ஆகிய மூன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை நடக்க வேண்டும்: அவர் கிளம்பும் அதே காலை நேரத்தில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஏழரை மணிவாக்கில் ஒருமுறை. மாலை ஐந்து மணிக்கு நீங்கள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று எழுதுவதில் பயனில்லை. நாற்பது வயதுக் காலும் கண்ணும் வேறு உலகத்தில் நடக்கின்றன.

கிளம்புமுன் தாழ்வாரத்தில் பத்து மீட்டர் அளந்து, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி நேரம் பாருங்கள். பத்து விநாடிக்கு மேல் எடுத்தால் அது மெதுவான நடை. அடுத்த மருத்துவச் சந்திப்பில் சொல்ல வேண்டிய செய்தி. பன்னிரண்டரை விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர். அந்த வேகத்தில் 400 மீட்டர் போக எட்டு நிமிடத்துக்கு மேலாகும், வெயிலில், இடையில் உட்காராமல். "பக்கத்துலதான் இருக்கு" என்று நாம் சொல்லும் தூரம் இதுதான்.

வழியில் முன்னால் போகாதீர்கள். அரை அடி பின்னால், சாலைப் பக்கமாக நடங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள். பேசிக்கொண்டே நடக்கும்போது பலருக்கு நடை தடுமாறும். அதையும் பார்க்க வேண்டும், ஆனால் திரும்பும் வழியில். காகிதத்தில் மிக முக்கியமான பத்தி ஒன்றே ஒன்று: எங்கே நின்றார்? நின்றதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். கால் அல்லது மூச்சு ஒத்துழைக்கவில்லை, கண்ணுக்குத் தரை சரியாகப் புலப்படவில்லை, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. மூன்றுக்கும் தீர்வு வேறு. கைத்தடி வாங்கிக் கொடுத்தால் வழி மறந்தவருக்கு ஒன்றும் ஆகாது. அங்கேயே விசாரிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும்போது "அந்த மருந்துக்கடைகிட்ட ஏன்மா நின்னீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள்.

தரையில் பார்க்க வேண்டியவை பல, ஏமாற்றுபவை சில. 15 சென்டிமீட்டர் படி கண்ணுக்குத் தெரியும், கால் தானாக உயரும். இரண்டு சென்டிமீட்டர் எழும்பி நிற்கும் ஓடும், மரவேர் தூக்கிய நடைபாதைக் கல்லும்தான் இடறுகின்றன. வடிகால் கம்பிச் சட்டத்தின் இடைவெளியில் கைத்தடியின் முனை இறங்குகிறதா என்று வைத்தே பாருங்கள். கூரையுள்ள நடைபாதையின் பளபளப்பான ஓடுகள் மழைச்சாரலில் வழுக்கும்; டிசம்பர், ஜனவரி மழையில் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். கொளுத்தும் வெயிலிலிருந்து கீழ்த்தள நிழலுக்குள் நுழையும் முதல் சில விநாடிகளில் வயதான கண்ணுக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான். நிழலின் விளிம்பில் நின்று பத்து எண்ணிவிட்டு நுழையும் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தால் செலவில்லாத வைத்தியம்.

பெஞ்சுகளை எண்ணுங்கள். 400 மீட்டருக்குக் குறைந்தது நான்கு வேண்டும். மூச்சு வாங்குபவருக்கு ஐம்பது மீட்டருக்கு ஒன்று. இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் இருக்கட்டும். கைப்பிடி இல்லாத பெஞ்சில் உட்காருவது எளிது, எழுந்திருப்பதுதான் கடினம். அப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டவர் அடுத்த முறை அந்த வழியையே விட்டுவிடுவார்.

கழிப்பறைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்: உணவங்காடி நிலையம், சமூக மன்றம், எம்ஆர்டி ரயில் நிலையம். இதைப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வழியில் கழிப்பறை இல்லை என்பதால் காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புவார்கள், அல்லது கிளம்பவே மாட்டார்கள். முதலாவது நீரிழப்பையும் குழப்பத்தையும் கொண்டுவரும், இரண்டாவது தனிமையை.

சாலை கடக்கும் இடம்: கணக்கு எளிது. 12 மீட்டர் அகலச் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் பத்து விநாடியில் கடப்பார்; 0.8 மீட்டர்காரருக்குப் பதினைந்து வேண்டும். இந்த இடைவெளிக்காகவே 'கிரீன் மேன் பிளஸ்' வசதி இருக்கிறது. பொத்தானுக்கு மேலே உள்ள பெட்டியில் மூத்தோர் சலுகை அட்டையைத் தொட்டால், கடக்கும் நேரம் 3 முதல் 13 விநாடி வரை கூடும். பலர் செய்யும் தவறு, பெரியவர் கழுத்தில் பிள்ளையின் சாதாரணப் பயண அட்டையை மாட்டி அனுப்புவது. அதற்கு இயந்திரம் மசியாது. சிவப்பு மனிதன் இருக்கும்போதே தொட்டுவிட்டுக் காத்திருக்கப் பழக்குங்கள். பக்கத்தில் 'சில்வர் ஸோன்' (முதியோருக்காக வாகன வேகத்தைக் குறைத்த சாலைப் பகுதி) இருந்தால், பத்து நிமிடம் சுற்றானாலும் அங்கே போய்க் கடப்பது நல்லது. வேகத்தடைகளும் நடுவே நின்றுகொள்ளும் திட்டும் இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்களை மட்டும் பார்த்தால் போதும். மங்கத் தொடங்கிய கவனத்துக்கு அது பெரிய உதவி.

குறையை யாரிடம், எப்படிச் சொல்வது

புளோக்கின் கீழ்த்தளம், தாழ்வார விளக்கு, புளோக்குகளுக்கு இடையிலான பாதை ஆகியவை நகர மன்றத்தின் பொறுப்பு. சாலையோர நடைபாதையும் சாலை கடக்கும் இடமும் நிலப் போக்குவரத்து ஆணையத்தைச் சேர்ந்தவை. சாலையோர மரமும் பூங்காவும் தேசியப் பூங்காக் கழகம். எது எவருடையது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 'ஒன்சர்வீஸ்' செயலியில் படத்தோடு போட்டால் உரிய அமைப்புக்குப் போய்விடும்.

புகார் பலிப்பதும் பலிக்காததும் எழுதும் விதத்தில் இருக்கிறது. "நடைபாதை மோசம், முதியோர் அவதி" என்றால் யாருக்கும் எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியாது. அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண், புளோக் எண், மின்தூக்கி முகப்பு ஏ-யா பி-யா, எழும்பி நிற்கும் உயரம் எத்தனை சென்டிமீட்டர், எந்த நேரத்தில் சிக்கல் என்று எழுதுங்கள். படத்தில் அளவுநாடா தெரியட்டும். ஒரு புகாரில் ஒரு குறை மட்டும். ஐந்தைச் சேர்த்து எழுதினால் எளிதானதைச் சரிசெய்துவிட்டு ஐந்தையும் முடித்துவிடுவார்கள். புதுப் பெஞ்சு கேட்பது குறையல்ல, கோரிக்கை. அதைத் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நாளில், வரைபடத்தில் இடம் குறித்து, அக்கம்பக்கத்து மூத்தோர் நாலைந்து பேரின் பெயரோடு கொடுப்பது பயனளிக்கும்.

வழி தெரிவது ஒரு மூளைப் பயிற்சி

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பேட்டைகளின் பெரிய சிக்கல், எல்லாம் ஒன்றுபோல இருப்பது. அதே தூண், அதே அஞ்சல்பெட்டி, அதே மின்தூக்கி, அதே தாழ்வாரம். இளம் மூளை புளோக் எண்ணை வைத்துச் சமாளித்துவிடும். இடவுணர்வைக் கையாளும் மூளைப் பகுதி மறதிநோயில் முன்கூட்டியே பழுதாகும் பகுதிகளில் ஒன்று என்பதால், முதலில் தடுமாறுவது இங்கேதான். எண்களை நினைவில் வைக்க வற்புறுத்துவது வீண். கண்ணில் படும் அடையாளங்களைக் கொடுங்கள். கெபுன் பாரு பேட்டையில் கீழ்த்தளச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டியிருப்பதும் இதே யோசனைதான்.

வீட்டிலிருந்து சந்தைவரை ஐந்து முதல் ஏழு அடையாளங்கள் போதும். அவை நகராதவையாக இருக்க வேண்டும். கடைப் பெயர் கூடாது. குத்தகை முடிந்தால் மாறிவிடும். நிறுத்தியிருக்கும் லாரி கூடாது. கோயில் கோபுரம், சுவரோவியம், பெரிய மழைமரம், விளையாட்டுத் திடலின் சிவப்புச் சறுக்கு, மேம்பாலப் படி ஆகியவை நல்லவை. வாசனையும் ஒலியும்கூட அடையாளம்தான்: ரொட்டிக்கடை, மீன்கடை வரிசை, பள்ளிக்கூட மணி. அடையாளம் அதிகம் தேவைப்படும் இடம் திருப்பம். நேர்ப் பாதையில் வைத்து வீணாக்க வேண்டாம்.

வரைபடத்தை அவரையே வரையச் சொல்லுங்கள். உள்ளங்கை அளவு தடித்த அட்டை, கறுப்புப் பேனா, தமிழில் எட்டு மில்லிமீட்டர் உயர எழுத்து. கோணல்மாணலாக வந்தால் பரவாயில்லை. நீங்கள் கணினியில் அழகாகச் செய்து தரும் படம் அவர் மனத்திலுள்ள படமாக இருக்காது. பின்பக்கத்தில் வீட்டு முகவரியும் இரண்டு கைப்பேசி எண்களும்.

பிறகு பழக்கம். முதல் ஐந்து நாள் நீங்கள் அழைத்துப் போங்கள். ஒவ்வொரு அடையாளத்திலும் நின்று அதன் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த ஐந்து நாள் அவர் முன்னால், நீங்கள் அரை அடி பின்னால். அதற்கடுத்த ஐந்து நாள் இருபது மீட்டர் பின்னால். ஏற்கெனவே மறதி உள்ளவருக்கு ஒரு விதி முக்கியம்: தவறாகத் திரும்பவிட்டுப் பிறகு திருத்தாதீர்கள். நினைவு பலவீனமான மூளை, திருத்தத்தைவிடத் தவறையே நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தயங்குகிறார் என்று தெரிந்ததுமே "சிவப்புச் சறுக்கு எங்கம்மா?" என்று எடுத்துக் கொடுங்கள். மறதி இல்லாதவருக்கோ நேர்மாறு. வழி நன்றாகப் பழகியதும் வாரம் ஒருமுறை வேறு வழியில் திரும்பச் சொல்லுங்கள். அந்தச் சின்னத் திணறல் நல்லதுதான்.

அடிக்கடி நடக்கும் தவறு தெருவில் அல்ல, மின்தூக்கியில். மாடி மாறி இறங்கி, அடுத்தவர் கதவில் சாவி நுழையவில்லை என்று நின்றுகொண்டிருப்பார்கள். மின்தூக்கிப் பொத்தானிலோ பொதுச் சுவரிலோ எதையும் ஒட்டாதீர்கள். அவை நகர மன்றத்துடையவை. சாவிக்கொத்தில் மாடி எண் எழுதிய தடித்த வண்ணப் பட்டையைக் கட்டுங்கள். உங்கள் கதவை, மின்தூக்கியிலிருந்து திரும்பியதுமே தெரியும்படி வேறுபடுத்துங்கள். மாவிலைத் தோரணம் இதற்கென்றே பிறந்ததுபோல இருக்கிறது. பிளாஸ்டிக் தோரணமானாலும் சரி. தரையில் கோலமாவு வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். ஒட்டுக் கோலத்தின் விளிம்பு தூக்கியிருந்தால் இடறும். கரிய நிற மிதியடியை எடுத்துவிடுங்கள். மறதிநோய் உள்ள சிலருக்கு அது தரையில் குழிபோலத் தெரியும், தாண்டப் பார்த்து விழுவார்கள். செடி, செருப்புத் தட்டு எது வைத்தாலும் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. சக்கர நாற்காலி வரும் நாளில் அதன் அருமை தெரியும்.

வழி தவறும் சாத்தியம் இருந்தால் டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் 'காரா' செயலியில் பதிவு செய்யுங்கள். பல சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் 'கோ-டு பாயிண்ட்' உண்டு. வழி தவறியவரைக் கொண்டுவந்து விட்டால் குடும்பத்தாரைத் தேடித் தருவார்கள். அருகில் உள்ளது எது என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இடங்காட்டிக் கைக்கடிகாரம் வாங்குபவர்கள் தோற்பது ஒரே காரணத்தால்தான்: மின்னூட்ட மறப்பது. மாலை விளக்கேற்றும் நேரத்தையே அதற்கும் நேரமாக்கிவிட்டால் மறக்காது. காணோம் என்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வெறும் கதை. பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு உடனே போலிசை அழையுங்கள்.

காற்று: வெளியே எவ்வளவோ, உள்ளேயும் அவ்வளவு

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஏறக்குறைய 66 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2017ல் வந்த ஆய்வில், பெரிய சாலையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் வசித்தவர்களுக்கு மறதிநோய் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 200 மீட்டர் தாண்டியபோது அந்த வேறுபாடு மறைந்தது. இதைப் படித்துவிட்டு விரைவுச்சாலையோர வீட்டை விற்கக் கிளம்ப வேண்டாம். ஏழு விழுக்காடு சிறிய கூடுதல். பழகிய அடையாளங்களையும் நண்பர்களையும் ஒரே நாளில் இழக்கும் பெரியவருக்கு வீடு மாறுவது அதைவிடக் கெடுதலாக முடியலாம். நடைப்பாதையைச் சாலையோரத்திலிருந்து புளோக்குகளின் உட்புறத்துக்கு மாற்றுங்கள், போதும். அவர் படுக்கும் அறை சாலைப் பக்கம் இருந்தால் அறையை மாற்றிக் கொடுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் பிஎம் 2.5 நுண்துகளுக்கு 2021ல் வைத்த வரம்பு ஆண்டுச் சராசரியில் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், ஒரு நாளுக்கு 15. புகைமூட்டக் காலத்தில் இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்கிறோம். 24 மணிநேர பிஎஸ்ஐ (காற்று மாசுக் குறியீடு) நாளைய திட்டத்துக்கு. இப்போது கீழே இறங்கலாமா என்பதற்கு ஒரு மணிநேர பிஎம் 2.5 அளவு. 'மைஇஎன்வி' செயலியில் உங்கள் வட்டாரத்துக்கு 55 வரை இயல்பு, 56 முதல் 150 வரை உயர்வு, 151 முதல் அதிகம், 250க்கு மேல் மிக அதிகம். உயர்வுக் கட்டத்திலேயே பெரியவரின் நீண்ட நடையை நிறுத்தி, கீழ்த்தள அரட்டையைச் சுருக்கிவிடுவது நல்லது. என்95 முகக்கவசத்தில் மூச்சு இழுக்கச் சிரமம் கூடும் என்பதால், இதய, நுரையீரல் நோயாளிகள் மருத்துவரைக் கேட்டபிறகே அணிய வேண்டும்.

குளிரூட்டி காற்றைச் சுத்தப்படுத்தாது. உள்ளிருக்கும் காற்றையே சுழற்றும். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதென்றால் கணக்குப் போட்டு வாங்குங்கள். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரமுள்ள படுக்கையறை 31 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற, சிஏடிஆர் அளவு (இயந்திரம் சுத்தமாக்கித் தரும் காற்று) மணிக்கு 156 கனமீட்டராவது வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண் அதிவேகத்தில் எடுத்தது. சத்தம் தாங்காமல் எல்லாரும் மெல்லோட்டத்தில் வைத்துத் தூங்குவதால், இரண்டு மடங்கு பெரியதாக வாங்கி நடு வேகத்தில் ஓட்டுவதே புத்திசாலித்தனம். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருக்கட்டும். ஓசோன் வெளியிடும் வகையை வாங்காதீர்கள்.

இனி வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் புகை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கொசுவத்திச் சுருள் ஒன்று எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003ல் ஓர் ஆய்வு அளந்தது. மூடிய அறையில் ஊதுபத்தியும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் அதே திசையில்தான் போகின்றன. பூசையை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கொத்துக்குப் பதில் ஒரு பத்தி. எதிரெதிர் சன்னல் இரண்டும் திறந்திருக்கட்டும். சாம்பிராணி போட்டபின் அரைமணி நேரம் பெரியவர் கீழே உலாவட்டும். தாளிக்கும்போது புகைபோக்கியை ஓடவிட்டு, அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் விடுங்கள். பல வீடுகளில் அது கரி வடிகட்டியோடு காற்றை அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகை. அப்படியானால் சன்னல்தான் உண்மையான புகைபோக்கி. கொசுவுக்கு வலையும், தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதும்.

வெயில்

வெப்ப அழுத்த ஆலோசனை 2023லிருந்து மூன்று கட்டமாக வருகிறது. வெப்பம், வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்த அளவு 31 பாகைக்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33லிருந்து அதிகம். அது வெப்பமானியில் பார்க்கும் எண் அல்ல, குழம்ப வேண்டாம். சூரியன் எல்லா மாதமும் ஏறக்குறைய ஏழு மணிக்கு எழும் ஊர் இது. ஏழரை முதல் ஒன்பதுவரை நல்ல நேரம். காலை வெளிச்சம் கண்ணில் படுவது இரவுத் தூக்கத்தையும் ஒழுங்குபடுத்தும்.

வயதானால் தாகம் மந்தமாகும். விழித்திருக்கும் நேரத்தில் 200 மில்லி கோப்பை எட்டு. காப்பியும் ரசமும் கணக்கில் சேரும். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான். சிறுநீர் மாத்திரை எடுப்பவர் வெயில் நாளில் திடீரென்று பேச்சுக் குழறினாலோ நாள் கிழமை தெரியாமல் உளறினாலோ அதை மறதிநோய் என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனை. சில மணி நேரத்தில் வரும் குழப்பம் பெரும்பாலும் நீரிழப்பு, கிருமித்தொற்று, மருந்துக் கோளாறு. சிகிச்சை தந்தால் தெளிய வாய்ப்புண்டு.

இரைச்சலும் காதும்

சாலை இரைச்சலுக்கு உலகச் சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்குச் சொன்ன அளவு, நாள் முழுதுக்கும் சேர்த்து 53 டெசிபெல், இரவில் 45. கைப்பேசிச் செயலி சில டெசிபெல் தப்பாகக் காட்டும் என்றாலும் அறைக்கு அறை ஒப்பிடப் போதும். பக்கத்து வீட்டுப் புதுப்பிப்பில் இடிப்பதும் ஓடு வெட்டுவதும் வார நாளில் 9 முதல் 5 வரைதான் அனுமதி. அந்த நாள்களின் தேதியைக் கேட்டுவைத்துப் பெரியவரை வேறெங்காவது அனுப்புங்கள்.

காது கேட்காதவர் பேச்சைத் தவிர்ப்பார், பேச்சைத் தவிர்ப்பவர் இறங்க மாட்டார். தொலைக்காட்சி ஒலி ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதென்றால் சோதனைக்கு அழைத்துப் போங்கள். கேட்புக் கருவிக்கு மூத்தோர் நடமாட்ட நிதியில் தகுதியுள்ளவருக்கு 90 விழுக்காடுவரை மானியம் உண்டு. காப்பிக்கடையில் முதுகு சுவரில் படும்படி, மின்விசிறிக்கும் பானக்கடைக்கும் தள்ளி உட்கார வையுங்கள். லிட்டில் இந்தியாவில் தேக்கா போக வேண்டும் என்றால் வார நாள் காலை. ஞாயிறு மாலை நெரிசலில் காது மந்தமானவர் பயந்தே போவார்.

மனிதர்கள்

துடிப்புடன் மூப்படைதல் நிலையத்தில் 60 வயதுக்காரர்கள் சேரலாம். தமிழ்ப் பெரியவர்கள் ஒருமுறை போய்விட்டு வராமல் நிற்பதற்குப் பொதுக் காரணம் மொழி. எல்லாம் மாண்டரினில் நடக்க, ஓரமாக உட்கார்ந்து சிரித்துவிட்டு வந்தால் அது கூட்டத்திலும் தனிமைதான். சேர்க்குமுன் நீங்களே போய் மூன்று கேள்வி கேளுங்கள்: தமிழ் பேசும் ஊழியரோ தொண்டூழியரோ எந்தக் கிழமை இருக்கிறார்? வேறு தமிழ்ப் பெரியவர் யார் வருகிறார்? இவருக்கு ஒரு வேலை கொடுக்க முடியுமா? மூன்றாவது முக்கியம். விருந்தாளியாகப் போகிறவர் சலிப்பார். பொறுப்போடு போகிறவர் போய்க்கொண்டிருப்பார். தேநீர்க் கோப்பை எண்ணுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கோயிலில் பூக் கட்டுவது, அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது எல்லாம் திட்டமிடல், வரிசை, பேச்சு மூன்றையும் கேட்கும் வேலைகள். சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவிடமும் விசாரியுங்கள்.

பசுமை என்றால் பெரிய காடு தேட வேண்டாம். 2016ல் ஹோர்ட்பார்க்கில் தொடங்கிய மனநலத் தோட்டங்கள் இப்போது பீஷான்-அங் மோ கியோ, தியோங் பாரு, சுவா சூ காங் பூங்காக்களிலும் உண்டு. ஆனால் மாதம் ஒருமுறை அங்கே போவதைவிட தினமும் கீழ்த்தளத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது மேல்.

குளியலறையும் மருத்துவரும்

உள்ளே விழுந்தவர் வெளியே இறங்க மாட்டார். வீவகவின் 'ஈஸ்' திட்டத்தில் கைப்பிடிகள், வழுக்காத தரைப்பூச்சு, சாய்தளம் போட்டுத் தருவார்கள். சிங்கப்பூர்க் குடிமக்கள் வீட்டில் 65 வயதான ஒருவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம்; அன்றாட வேலைக்கு உதவி தேவைப்படுபவருக்கு 60 முதல். குடும்பம் கட்டுவது வீட்டின் அளவைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடுதான். கைப்பிடி எங்கே என்று ஊழியர் கேட்கும் நேரத்தில் பெரியவரும் பக்கத்தில் இருந்து, உட்கார்ந்து எழுந்து காட்ட வேண்டும். ஊகத்தில் குறித்த இடம் பெரும்பாலும் கைக்கு எட்டாது.

பழகிய வழியிலேயே தொலைவது, கட்டணம் கட்டத் தெரியாமல் போவது, ஒரே கேள்வியைச் சில நிமிடத்தில் திரும்பக் கேட்பது, அரட்டைக் கூட்டத்திலிருந்து விலகுவது ஆகியவை ஆறு மாதத்தில் கூடிக்கொண்டு போனால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். நடைச் சோதனைக் காகிதத்தையும் எடுத்துப் போங்கள். "மறக்கிறார்" என்பதைவிட "மூன்று வாரமாக இரண்டாவது திருப்பத்தில் நிற்கிறார்" மருத்துவருக்கு உதவும். நினைவுச் சோதனை தமிழில் நடக்க வேண்டும் என்று கேளுங்கள், படித்த ஆண்டுகளையும் சொல்லுங்கள். அரைகுறை மலாயிலோ ஆங்கிலத்திலோ பதில் சொன்னால் நல்ல மூளையும் குறைந்த மதிப்பெண் வாங்கும்.

இந்த நடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். புளோக்குக்குப் புதுச் சாயம் அடிக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பு மின்தூக்கி முகப்பில் ஒட்டப்பட்டால் காத்திருக்க வேண்டாம். சாரம் கட்டுமுன் அடையாளங்களைப் படமெடுத்துவிட்டு, சாயத்தை நம்பியிருக்கும் அடையாளம் எது என்று அட்டையில் பாருங்கள். பச்சைச் சுவர் என்று எழுதியிருந்தால், வேலை தொடங்கும் வாரத்திலேயே பக்கத்து மரத்துக்கோ படிக்கட்டுக்கோ மாற்றி, ஐந்து நாள் கூட நடந்துவிடுங்கள்.